ஈறும் நுண்ணுயிரும்: நோயின் கடுமை எங்கிருந்து வருகிறது?



மொழியியல் கற்றவர்க்கு ஈறுநோயில் என்ன வேலை என்று அவையோர் எண்ணக்கூடும். நாம் மருத்துவர் அல்லோம். எனினும், இப்பொருளை இன்று தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைக் கூறியே தொடங்குகிறோம்.

கிளைமொழி ஆய்வுக்காக இந்நாட்டின் தோட்டப்புறங்களுக்குச் சென்றுவந்த காலத்தில், தகவலாளரைத் தெரிவு செய்வதற்கு நாம் சில விதிகளைக் கடைப்பிடித்தோம். அவர் அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவராக இருத்தல் வேண்டும். காது நன்கு கேட்க வேண்டும். முன்பற்கள் விழாதிருத்தல் வேண்டும். பல்லில்லாதவர் வாயில் தகர, றகர, னகர ஒலிகள் திரிந்து வரும். அவ்வொலிகளைக் கொண்டு ஒலியனியல் முடிவு காண இயலாது. நாம் பயின்ற களஆய்வு முறை அவ்வாறே கூறிற்று.

ஒரு தோட்டத்தில், பால்மரம் சீவும் தொழிலில் இளமை முதல் இருந்த ஓர் அம்மையாரைக் கண்டோம். தொழிற்சொற்களும் பாடல்களும் உறவுமுறைப் பெயர்களும் அவர் நாவில் தங்குதடையின்றி வந்தன. அகவை ஐம்பதைச் சற்றே கடந்திருந்தது. ஆனால் மேல்வரிசையில் பற்கள் இல்லை. குறிப்பேட்டில் ‘பற்கள் இல்லை, ஒலிப்பதிவுக்கு ஏற்றவர் அல்லர்’ என்று எழுதிவிட்டு, அடுத்த வீட்டுக்குச் சென்றோம். ஐம்பது அகவையில் ஒருவர்க்கு ஏன் பற்கள் இல்லை என்று நாம் கேட்கவில்லை. அவரும், “வயசாச்சு, விழுந்துருச்சு” என்று மட்டும் கூறினார். அக்கேள்வியைப் பல்லாண்டுகள் கழித்து நாம் கேட்கிறோம். அதற்குக் கிடைத்த விடையே இவ்வுரை.

ஈறு என்னும் சொல்

தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு ‘ஈறு’ என்றவுடன் நினைவுக்கு வருவது வாய் அன்று, சொல்லின் இறுதி. ஈற்றெழுத்து என்கிறோம், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்கிறோம், பண்புப்பெயர்ப் புணர்ச்சியில் ‘ஈறுபோதல்’ என்று ஒரு விதியை மாணவர்க்குக் கற்பிக்கிறோம். செம்மை என்பதன் ஈறு போனபின்பும் செந்தமிழ் என்று சொல் நிற்கிறது. வாயில் ஈறு போனால் பல் அவ்வாறு நிற்பதில்லை.

இன்னோர் ஒற்றுமை சொல்லளவில் நில்லாது உடலையே தொடுவது. தொல்காப்பியம் எழுத்துகளின் பிறப்பைக் கூறுமிடத்து, தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களை எண்ணுகிறது. தகர நகரங்கள் மேற்பல்லின் அடியில் நாநுனி பரந்து பொருந்தப் பிறக்கின்றன. றகர னகரங்கள் அதற்குச் சற்றுப் பின்னே பிறக்கின்றன. நாவினால் தடவிப் பாருங்கள்: மேற்பற்களுக்குப் பின்னே, ஈறு போர்த்த ஒரு மேடு தட்டுப்படும். ‘கன்று’ என்று சொல்லும்போது நாநுனி சென்று தொடும் மேடு அதுவே. உலக மொழியியலார் அம்மேட்டை ‘ஆல்வியோலஸ்’ என்னும் இலத்தீன் சொல்லால் குறிக்கின்றனர். சிறு குழி என்பது அதன் பொருள். பல் ஊன்றியிருக்கும் குழிகளைத் தாங்கும் எலும்பு என்பதால் அப்பெயர்.

முற்றிய ஈறுநோய் அரிப்பதும் இந்த எலும்பைத்தான். மொழியியலார்க்கு ஒலி பிறக்கும் இடம். பல் மருத்துவர்க்கு நோய் நிகழும் இடம். ஒரே மேட்டை இரு துறையாரும் ஆராய்கிறோம். பல் விழுந்தபின் அம்மேடு ஆண்டுதோறும் தேய்ந்து தாழும். நாம் ‘ஏற்றவர் அல்லர்’ என ஒதுக்கிய அம்மையாரின் வாயில், ஒலி பிறக்கும் இடமே கரைந்துபோயிருந்தது.

அழுக்கா, உயிரா?

பல்லின் மேல் படிவது வெறும் அழுக்கு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1683-ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகரான அந்தோனி வான் லீவன்ஹுக், தாமே தேய்த்த கண்ணாடி வில்லைவழித் தம் பல்லிடுக்கில் இருந்து எடுத்த வெண்பொருளை நோக்கினார். அதில் அசையும் உயிர்களைக் கண்டு, இலண்டனில் இருந்த அரச கழகத்துக்கு மடல் எழுதினார். நாள்தோறும் உப்பிட்டுப் பல் தேய்க்கும் தம் வாயிலேயே அவை இருந்தன. பல்லைத் தூய்மை செய்யாத முதியவர் வாயில் இன்னும் மிகுதியாக இருந்தன. அவற்றைக் குறிக்க ஒரு சொல் அன்று எம்மொழியிலும் இல்லை. ‘சிறு விலங்குகள்’ எனப் பொருள்படும் டச்சுச் சொல்லையே அவர் எடுத்தாண்டார்.

அவ்வுயிர்கள் நோயை உண்டாக்குகின்றனவா, அல்லது நோயுள்ள இடத்தில் வந்து குடியேறுகின்றனவா? இதற்கு ஐயமற விடை கிடைக்க ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆயின. 1965-இல் டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரில் ஹரால்டு லோ என்னும் அறிஞரும் உடன் ஆய்வாளரும், ஈறு நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்துமாறு கேட்டனர். 10 நாள் முதல் 21 நாளுக்குள் அப்பன்னிருவர்க்கும் ஈறு சிவந்து வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியபின், ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

அந்நாள்களில் படலத்தில் இருந்த நுண்ணுயிர்களும் மாறின. முதலில் உருண்டை வடிவின. பின்னர் நீண்ட இழை வடிவின. இறுதியில் வளைந்தும் சுருண்டும் விரைந்து நீந்துவன. ஒரு கூட்டம் வந்து இடம் செய்து கொடுக்க, அடுத்த கூட்டம் வந்து தங்கியது. நுண்ணுயிர்ப் படலம் முதலில், அழற்சி பின்னர் என்னும் வரிசை இதனால் உறுதியாயிற்று.

இவ்வளவில் கதை எளிதாகத் தோன்றும். படலம் உண்டெனில் நோய் உண்டு. படலம் மிகுந்தால் நோயும் மிகும். ஆனால் அவ்வாறு நிகழ்வதில்லை என்பதை உலகுக்குக் காட்டியவர்கள் தமிழர்கள். அவர்கள் ஆய்வாளர்களாக இருந்து அதனைக் காட்டவில்லை. ஆராயப்பட்டவர்களாக இருந்து காட்டினர்.

தேயிலைத் தோட்டத்துச் சான்று

1970-இல் அதே லோ தலைமையிலான குழுவினர், இலங்கை மலையகத்தின் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயை ஆராயத் தொடங்கினர். தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழிவந்த தமிழர் அவர்கள். நம் பாட்டன் பூட்டன்மாரைப் பால்மரக்காட்டுக்குக் கொண்டுவந்த அதே வரலாற்றின் மற்றொரு கிளையினர். பெரும்பாலும் இளைஞர், உடல் உறுதி உடையவர், பற்சொத்தை ஏறத்தாழ இல்லாதவர். ஆனால் பல் மருத்துவம் அவர்களை எட்டியதில்லை. வழக்கமான பல் துலக்கும் முறையும் அவர்களிடம் இல்லை. ஆகவே எல்லோர் பல்லிலும் படலமும் காரையும் மிகுதியாகப் படிந்திருந்தன. எல்லோர்க்கும் ஈறு அழற்சியுற்றிருந்தது. ஒப்பீட்டுக்காக நார்வே நாட்டில், சிறு அகவை முதல் ஒழுங்கான பல் மருத்துவம் பெற்ற மாணவரும் கல்வியாளருமான 565 பேர் தனியே ஆராயப்பட்டனர்.

பதினைந்து ஆண்டுகள் இடைவெளி விட்டு விட்டு அத்தொழிலாளரின் வாய் அளக்கப்பட்டது. 1985-இல் இறுதியாக அளந்தபோது 161 பேர் எஞ்சியிருந்தனர். 1986-இல் வெளிவந்த முடிவு இது: படலம் எல்லோர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. நோயோ மூவகையாகப் பிரிந்து நின்றது. 8 விழுக்காட்டினர்க்கு நோய் மிக விரைந்து முற்றியது. 81 விழுக்காட்டினர்க்கு மெல்ல வளர்ந்தது. 11 விழுக்காட்டினர்க்கு ஈறழற்சி என்னும் அளவிலேயே நின்றுவிட்டது.

இவ்வேறுபாட்டை அளவால் உணரலாம். பல்லோடு ஈறும் எலும்பும் கொண்டுள்ள பிடிப்பு எத்தனை மில்லிமீட்டர் விலகியது என்பதே நோயின் கடுமைக்கு அளவுகோல். 35 அகவையில் முதல் வகையினர் சராசரியாக ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் பிடிப்பை இழந்திருந்தனர். இரண்டாம் வகையினர் ஏறத்தாழ 4. மூன்றாம் வகையினர் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. 45 அகவையில் முதல் வகையினரின் இழப்பு 13 மில்லிமீட்டரை எட்டியது. பல்வேரின் நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான். அதன்பின் பல் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்?

ஒரே தோட்டம், ஒரே தொழில், ஒரே உணவு, ஒரே அளவு படலம். விளைவு மட்டும் மூன்று. ஆகவே நுண்ணுயிர்ப் படலம் இன்றி நோய் தோன்றாது; படலம் மட்டுமே நோயின் கடுமையை முடிவு செய்வதும் இல்லை. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர் பயிலும் இப்பாடம் அத்தொழிலாளர் வாயிலிருந்து பெறப்பட்டது.

அவ்வாய்வுக் கட்டுரையின் தலைப்பில் ஈறுநோயின் ‘இயற்கைப் போக்கு’ எனப் பொருள்படும் தொடர் உள்ளது. மருத்துவம் குறுக்கிடாத நோயின் போக்கு என்னும் பொருளில் அது துறைச்சொல். தவறான சொல் அன்று. ஆயினும் மொழியியலார் என்ற முறையில் அச்சொல்லின்முன் நாம் சற்று நிற்க வேண்டியுள்ளது. மருத்துவர் வராமையும், துலக்கும் வழக்கம் கற்பிக்கப்படாமையும் இயற்கை ஆகா. அவை மனிதர் செய்த ஏற்பாடுகளின் விளைவு. “வயசாச்சு, விழுந்துருச்சு” என்று அந்த அம்மையார் கூறியதும் இத்தகைய சொல்லே. தமக்கு நேர்ந்ததை அவர் இயற்கையின் கணக்கில் எழுதினார். நாமும் அவ்வாறே எழுதிக்கொண்டோம்.

எத்தனை என்பதா, எவை என்பதா?

படலத்தின் அளவு ஒன்றாக இருந்தும் விளைவு வேறுபடுமெனில், படலத்தில் இருப்போர் வேறுபடுகின்றனரோ என்று கேட்பது முறை. மனித வாயில் 700-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர் வகைகள் கண்டறியப்பட்டுள்ளன. 1998-இல் பாஸ்டன் நகரத்து அறிஞர் சிக்மண்ட் சொக்ரான்ஸ்கியும் குழுவினரும் 185 பேரிடமிருந்து 13,261 படல மாதிரிகளை எடுத்து, 40 வகை நுண்ணுயிர்களின் மரபுப்பொருளை அவற்றில் தேடினர். எவை எவற்றோடு சேர்ந்து வருகின்றன என்று கணக்கிட்டு, கூட்டங்களுக்கு வண்ணப் பெயர் சூட்டினர். மஞ்சளும் பச்சையும் ஊதாவும் முதலில் குடியேறுவன. செம்மஞ்சள் இடைநிலை. இறுதியில் வருவது சிவப்பு.

சிவப்புக் கூட்டத்தில் மூவர்: போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ், டான்னரெல்லா ஃபோர்சிதியா, டிரெப்பொனீமா டென்டிகோலா. பெயர்கள் அச்சுறுத்தினும் பொருள் எளிது. முதலாவது, ஈற்றில் வாழும் செங்கருநீல உயிரி. குருதியிலிருந்து இரும்புச் சத்தைத் திரட்டிக் கருநிறம் கொள்வது. மூன்றாவது, பல்லில் குடியிருக்கும் திருகிய நூல். நடுவில் உள்ளதன் முதற்பெயர், அதனை ஆராய்ந்த ஆன் டான்னர் என்னும் அம்மையாரின் பெயரால் அமைந்தது.

ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள பிளவு ஆழமாக ஆக, சிவப்புக் கூட்டம் மிகுதியாகக் காணப்பட்டது. அளவுகோல் பட்டவுடன் குருதி கசியும் இடங்களிலும் அவ்வாறே. செம்மஞ்சள் கூட்டம் இல்லாத இடத்தில் சிவப்பு அரிதாகவே இருந்தது. நோயின் கடுமைக்கும் நுண்ணுயிர் வகைக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு வெளிப்பட்டது.

ஆனால் சேர்ந்து வருதல் வேறு, காரணமாதல் வேறு. மழை நாளில் குடைகள் மிகுகின்றன; குடைகள் மழையைக் கொணர்வதில்லை. சிவப்புக் கூட்டத்தார் காற்றை வெறுப்பவர். சர்க்கரையைவிடப் புரதத்தை விரும்புபவர். ஆழமான பிளவில் காற்று இல்லை. அழற்சியுற்ற ஈற்றிலிருந்து கசியும் நீரில் புரதமும் இரும்பும் நிறைய உண்டு. ஆகவே அவர்கள் பிளவை ஆழமாக்கினார்களா, ஆழமான பிளவு அவர்களை வரவேற்றதா? இரண்டும் நிகழ்கின்றன என்பதே இன்று கிடைக்கும் விடை. அழற்சி உணவைத் தருகிறது. உணவு அவர்களைப் பெருக்குகிறது. அவர்கள் அழற்சியைத் தூண்டுகின்றனர். சக்கரம் சுழலச் சுழலக் கடுமை ஏறுகிறது.

தமிழ் ஒலியியல் கற்றோர்க்கு இது புதிதன்று. ‘கல்’ என்பதில் வரும் ககரமும், ‘தங்கம்’ என்பதில் வரும் ககரமும், ‘அகம்’ என்பதில் வரும் ககரமும் எழுத்தால் ஒன்று, ஒலியால் மூன்று. மொழிமுதலில் வல்லொலி, மெல்லினத்தின்பின் அதிரும் ஒலி, உயிர்களுக்கிடையில் உரசும் ஒலி. இடம் ஒலியை மாற்றுகிறது. நுண்ணுயிரும் அவ்வாறே. நலமான வாயிலும் போர்ஃபிரோமோனாஸ் சிறு தொகையில் இருப்பதுண்டு. அங்கே தீங்கின்றி இருக்கும். சூழல் மாறும்போது அதன் நடத்தையும் மாறுகிறது.

2011-இல் எலிகளைக் கொண்டு நிகழ்ந்த ஓர் ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. வாயிலுள்ள மொத்த நுண்ணுயிர்களில் 0.01 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தபோதே போர்ஃபிரோமோனாஸ் எலும்பு தேயக் காரணமாயிற்று. ஆனால் வேறு நுண்ணுயிர் எதுவும் இல்லாத எலியின் வாயில் இட்டபோது எலும்பு தேயவில்லை. தனித்து நின்று அது அழிப்பதில்லை. உடலின் காவலைத் திசைதிருப்பி, அதுவரை அமைதியாக இருந்த கூட்டத்தைக் கலைத்து, அக்கூட்டத்தின் வாயிலாக அழிக்கிறது. கல் வளைவின் உச்சியில் செருகிய ஆப்புக்கல் அளவில் சிறிது. வளைவின் அமைப்பு முழுதும் அதனைப் பொறுத்தது. ஆய்வாளர் இவ்வுயிரிக்கு அக்கல்லின் பெயரையே இட்டனர்.

விதிக்கு விலக்கும் உண்டு. இலக்கணம் கற்றோர் விலக்கை மறைத்தல் ஆகாது. அக்ரகாட்டிபாக்டர் என்னும் நுண்ணுயிரின் ஒரு தனிக்கிளை, வெள்ளணுக்களைக் கொல்லும் நஞ்சை மிகுதியாகச் சுரப்பது. மொராக்கோ நாட்டு வளரிளம் பருவத்தாரை ஈராண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட முடிவின்படி, அக்கிளையை மட்டும் வாயில் உடையோர்க்கு எலும்புப் பிடிப்பு இழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 18 மடங்காக இருந்தது. ஆகவே நுண்ணுயிரின் வகையும் பொருட்டே. ஆயினும் பெரும்பாலோர்க்கு வரும் ஈறுநோயில் குற்றவாளி ஒருவர் அல்லர். நிலை தவறிய ஒரு கூட்டம்.

உடல் கூறும் மறுமொழி

இனி இக்கதையின் மறுபாதி. பல்லைத் தாங்கும் எலும்பை நுண்ணுயிர் தின்பதில்லை. எலும்பைக் கரைப்பவை நம் உடலின் சொந்த அணுக்கள். நுண்ணுயிரை எதிர்க்க வெள்ளணுக்கள் திரள்கின்றன. அவை வெளியிடும் பொருள்கள் பகைவரை மட்டுமன்றி அருகிலுள்ள திசுவையும் தாக்குகின்றன. எலும்பைக் கரைக்கும் அணுக்கள் தூண்டப்படுகின்றன. படலம் நெருங்கி வர, உடல் தன் எலும்பைப் பின்வாங்கச் செய்கிறது எனலாம். போர் ஓயாதிருந்தால் பின்வாங்கலும் ஓயாது.

இம்மறுமொழி எல்லோர்க்கும் ஒரே அளவினது அன்று. பிறப்பிலேயே ஓரளவு வேறுபாடு உண்டு. 117 இணை இரட்டையரை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு, நோயளவின் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபுவழிப்பட்டது என மதிப்பிட்டது. தேயிலைத் தோட்டத்து மூவகையினர்க்கும் இது ஒரு விளக்கம். எஞ்சிய பாதியில் நம் கையில் உள்ளவை இரண்டு பெரியவை: புகையும் நீரிழிவும்.

புகைப்பவர்க்கு நோய் விரைந்து முற்றும். ஆனால் குருதி கசிவது குறையும். ஆகவே எச்சரிக்கை மணி அடிக்காமலே வீடு எரியும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்க்கு அழற்சி எளிதில் மூளும், அடங்க நாளாகும். இத்தொடர்பு இருவழிப்பட்டது. ஈற்று அழற்சி குருதிச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதைக் கடினமாக்குகிறது. ஈற்றுக்கு முறையான மருத்துவம் செய்தால், மூன்று நான்கு திங்களில் எச்பிஏ1சி அளவு ஏறத்தாழ 0.4 விழுக்காட்டுப் புள்ளி குறைவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது.

2019-ஆம் ஆண்டு மலேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பில் பெரியோரில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு காணப்பட்டது. இனவாரியாக நோக்கின் இந்தியர் விகிதமே மிகுதி. ஆகவே ஈற்றின் நலம் நம் சமூகத்துக்குச் சிறு பொருள் அன்று. நம் வீடுகளில் சர்க்கரைக்கு மாத்திரை உண்ணும் பெரியோரிடம், ஈற்றில் குருதி வருகிறதா என்று நாம் கேட்பதுண்டா?

பல் மருத்துவ உலகம் 2018-இல் வெளியிட்ட புதிய வகைப்பாடும் இவ்வுண்மையை ஏற்றுள்ளது. நோயின் கடுமையை அது நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. பிடிப்பு இழப்பு 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை எனில் முதல் நிலை. 3 முதல் 4 வரை இரண்டாம் நிலை. 5-உம் அதற்கு மேலும் எனில் மூன்றாம், நான்காம் நிலைகள். நோயால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட பற்களை இழந்திருந்தால் நான்காம் நிலை. இனி எவ்வளவு விரைந்து முற்றும் என்பதற்குத் தனித்தரம் உண்டு. நாளொன்றுக்கு 10-க்குக் குறையாத சிகரெட்டும், எச்பிஏ1சி 7 விழுக்காடும் அதற்கு மேலும் அத்தரத்தை உயர்த்துவன. இவ்வகைப்பாட்டில் எந்த நுண்ணுயிரின் பெயரும் எண்ணிக்கையும் அளவுகோலாக இடம்பெறவில்லை. நுண்ணுயிர் தேவையில்லை என்பது இதன் பொருள் அன்று. நுண்ணுயிரும் உடலும் கலந்து நிகழ்த்திய விளைவே அளக்கப்படுகிறது.

கிருமி என்னும் சொல் செய்யும் பிழை

இவ்வளவும் கேட்டபின் நம் பாடநூல் மொழியை நோக்குவோம். ‘பல்லைக் கிருமி அரிக்கிறது; கிருமியைக் கொல்ல வேண்டும்’ என்று சிறார்க்குச் சொல்கிறோம். கிருமி என்பது வடசொல். அதன் பழம்பொருள் புழு. சொத்தைப் பல்லைப் ‘பூச்சிப்பல்’ என நம் மக்கள் வழங்குவதும் அதே எண்ணத்தின் விளைவே. சொல் பழையது, அது சுமந்து வரும் கதையும் பழையது. வெளியிலிருந்து ஒரு புழு வந்தது. அதைக் கொன்றால் நோய் தீரும் என்பது அக்கதை.

இக்கதை மூன்று தீங்குகளைச் செய்கிறது. முதலாவது, கொல்லும் மருந்தைத் தேட வைக்கிறது. ஒட்டிய படலத்துக்குள் உறையும் நுண்ணுயிரை வாய்கொப்பளிக்கும் நீர்மமோ மாத்திரையோ மட்டும் அகற்றாது. படலத்தைக் கலைத்தால்தான் அகலும். இரண்டாவது, வாயில் இருக்கும் நல்லுயிர்களையும் பகையாக்குகிறது. மூன்றாவது, உடலின் பங்கை மறைக்கிறது. புகையும் சர்க்கரையும் ஈற்றோடு தொடர்புடையன என்பதை எண்ணவிடாது.

‘நுண்ணுயிர்’ என்னும் சொல் நம்மிடம் உண்டு. நோய் உண்டாகும் நிலையைக் குறிக்க ‘நுண்ணுயிர்ச் சமன்குலைவு’ என்று கூறலாம். சமன் என்றவுடன் பல பொருள்கள் சேர்ந்து நிற்பதும், ஒன்று மிகுந்தால் தட்டுச் சாய்வதும் கேட்பவர் மனத்தில் எழும். கலைச்சொல் ஆக்குவோர் வேர்ச்சொல்லை மட்டும் நோக்குதல் போதாது. அச்சொல் எந்தக் கதையைக் கேட்பவர் மனத்தில் நாட்டுகிறது என்றும் நோக்க வேண்டும்.

வகுப்பறைக்குச் சில சொற்கள்

ஆசிரியர்கள் இங்கே மிகுதியாக வந்துள்ளீர்கள். வகுப்பறையில் கூறத்தக்கவற்றைத் தொகுத்து உரைக்கிறோம்.

பல் துலக்குவது கிருமியைக் கொல்வதற்கு அன்று. படலம் முதிரவிடாமல் நாள்தோறும் கலைப்பதற்கு. கலைத்த படலம் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிவப்புக் கூட்டம் வந்து சேரும் காலம் அதற்குக் கிடைப்பதில்லை. ஆகவே பல்லும் ஈறும் சேரும் ஓரத்திலும், பல்லிடுக்கிலும் துலக்கல் சென்று சேர வேண்டும். பல்லின் முகத்தை மட்டும் வெளுப்பாக்குவது கண்ணாடிக்கு ஆகும், ஈற்றுக்கு ஆகாது.

துலக்கும்போது குருதி வந்தால், அங்கே தொடாதே என்று விட்டுவிடுவது நம் வழக்கம். அதுவே தவறு. அங்குதான் மென்மையாகவும் தவறாமலும் துலக்க வேண்டும். ஓரிரு வாரத்தில் குருதி நில்லாவிடில் பல் மருத்துவரை நாட வேண்டும். காரையாக இறுகியதைத் தூரிகை அகற்றாது. அதற்கு மருத்துவர் கருவி வேண்டும்.

ஈறழற்சி மீளக்கூடியது; ஓர்ஹூஸ் நகரத்துப் பன்னிருவரும் ஒரு வாரத்தில் மீண்டனர். எலும்பு தேய்ந்தபின் மருத்துவத்தால் நோயை நிறுத்தலாம். இழந்த எலும்பு பெரும்பாலும் முழுமையாக மீளாது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள காலம் ஆண்டுக்கணக்கானது; வலியற்றது. வலி இல்லையே என்று இருந்துவிட்டவரே பல்லிழந்தோருள் பலர்.

இறுதியாக, முதுமையால் பல் விழும் என்னும் சொல்லை மாணவர் வாயிலாக வீட்டுக்குத் திருத்தி அனுப்புங்கள். நோயால் விழுகிறது, அந்நோய் தடுக்கத்தக்கது.

நம் முன்னோர் ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் பேசும்போது, பல்லின் உறுதியையும் சொல்லின் உறுதியையும் ஒரே பழமொழியில் சேர்த்து வைத்தனர். நாம் சொல்லை மட்டும் ஆராய்ந்தோம். பல் விழுந்த வாயிலிருந்து வந்த சொல்லைக் குறையுடையது என விலக்கியும் வைத்தோம். அந்த அம்மையாரின் பாடல்கள் நம் ஒலிநாடாக்களில் இல்லை. அவற்றை இனிப் பதிவு செய்ய இயலாது.

இன்று களஆய்வுக்குச் செல்லும் இளைஞர் யாரேனும் இவ்வவையில் இருந்தால், அவர்க்கு ஒரு வேண்டுகோள். பல்லில்லாத தகவலாளரையும் பதிவு செய்யுங்கள். அவர் ஒலி திரிந்து வரின், திரிந்தவாறே எழுதுங்கள். அதனருகே, பல் எந்த அகவையில், எவ்வாறு விழுந்தது என்று கேட்டும் எழுதுங்கள். அதுவும் அம்மக்களின் மொழி வரலாற்றில் ஒரு பகுதியே.